மன்றக் கூட்டத்தில் நம் பேச்சு எடுபடுமா?

கேள்வி: எங்கள் தெருவில் விளக்கு எரிவதில்லை. நகர மன்றக் கூட்டத்தில் போய்ப் பேசினால் ஏதாவது நடக்குமா?

பதில்: நடக்கும், ஆனால் கூட்ட நாள் வரை காத்திருக்காதீர்கள். பல மன்றங்களில் ஒரு தீர்மானத்தைக் குழுவில் அலசி, நிதியையும் பேசி முடித்த பிறகுதான் வாக்கெடுப்புக்கே கொண்டுவருகிறார்கள், அதனால் நிகழ்ச்சி நிரல் வெளியானதுமே படித்துவிட்டு உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்த்துவிடுங்கள். மனுவில் கம்பத்தின் எண், எந்தத் தேதியிலிருந்து இருட்டு என்பதை எழுதி, அக்கம்பக்கத்தாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், பட்ஜெட் தயாராகும் மாதங்களை மட்டும் தவறவிடவே கூடாது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் எந்தச் சாலைக்கு, எந்தச் சாக்கடைக்கு முதலில் பணம் என்று மக்களே கூடிப் பேசி முடிவெடுக்கும் முறை 1989-லேயே தொடங்கிவிட்டது. உங்கள் மன்றத்திலும் அப்படியொரு கூட்டம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.