அட்மிஷன் ஷீட்டில் இருக்கும் அந்த ஒரு வரி

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். தஞ்சாவூரில் ஒரு கிளினிக்கில், மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். ரத்தமே போகாது என்றார்கள். ராத்திரி கட்டு நனைந்து மயங்கி விழுந்தேன். டாக்டர் போனை எடுக்கவில்லை. வேறு மருத்துவமனையில் 2 யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். வெட்கத்தில் என் கணவர் அங்கே மாதவிடாய்ப் போக்கு என்று சொல்லிவிட்டார். மாமியார் வீட்டில் ஒரே ஏச்சு. கட்டிய 80,000 ரூபாயைத் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது கிளினிக். வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, மாமியார் ஏசியது நுகர்வோர் ஆணையத்துக்குத் தேவையில்லை. போன் எடுக்காதது, கால் பதிவு இருந்தால் துணைக்கு வரும், அவ்வளவுதான். ரத்தம் போனது அந்தச் சிகிச்சையால்தானா என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

கிளினிக் தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே சொல்கிறேன். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்தோடு எபிநெஃப்ரின் என்ற மருந்தும் கலந்த திரவத்தை நிறைய ஏற்றினால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். உறிஞ்சி எடுப்பதில் ரத்தம் சுமார் 1 சதவீதம்தான். கட்டு இளஞ்சிவப்பாக நனைவது ஏற்றிய திரவம் வடிவதால். இது பொதுவாக உண்மையும்கூட. அதை உடைக்க சிகிச்சைக்கு முந்தைய ஹீமோகுளோபின், ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய ஹீமோகுளோபின், எவ்வளவு திரவம் ஏற்றி எவ்வளவு உறிஞ்சி எடுத்தார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பு வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. உங்கள் கணவர் சொன்னது அட்மிஷன் ஷீட்டில் ஏறியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். நம் பக்கத்து ஊர்களில் அழகுச் சிகிச்சையைச் சொல்லக் கூசி இப்படி மாற்றிச் சொன்ன குடும்பங்கள், நல்ல வழக்கையே இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், தெரிந்த ஆளைப் பிடித்து ஷீட்டையே திருத்தி வாங்குவது. திருத்தம் வெளியே வந்தால் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வயிற்றில் குழாய் நுழைத்த துளைகளையும் கட்டையும் பார்த்த டாக்டர் அதைக் குறித்திருக்கிறாரா என்று தேடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வார்த்தை இருந்தாலும் போதும், பிழைத்தோம்.

இல்லையென்றால், சமரசம் பேசுங்கள். நீங்கள் தேறிவிட்டீர்கள், அந்த வரியை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அலைவது வீண். ஆனால் 80,000 போதாது. ரத்தம் ஏற்றிய மருத்துவமனை பில்லையும் சேர்த்துக் கேளுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.