ஏழாம் நாளும் நர்ஸம்மா வரட்டும்

கேள்வி: என் மகளுக்குச் சுகப்பிரசவம். பேரன் பிறந்தபோது 2 கிலோ 700 கிராம். மூன்றாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றே கிராம நர்ஸ் வந்து எடை போட்டார், 2 கிலோ 550 இருந்தது. இன்னும் பல முறை வருவாராம். சம்பந்தியம்மாவோ தீட்டுக் கழியும்வரை வெளியாள் குழந்தையைத் தொடக்கூடாது என்கிறார். ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பார்த்துவிட்டார்களே, இவர் வரத்தான் வேண்டுமா?
- ஒரு பாட்டி, அணைக்கட்டு

பதில்: வரத்தான் வேண்டும் அம்மா. ஆஸ்பத்திரியில் பார்த்தது முதல் இரண்டு நாள்தான். மஞ்சள் காமாலை ஏறுவதும், கிருமித் தொற்று வெளியே தெரிவதும், பால் பற்றுகிறதா என்று புரிவதும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். அதனால்தான் 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் குறித்து வருகிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து இப்படி வீடு வீடாக அனுப்பினார்கள். அங்கே பச்சிளங்குழந்தைகளின் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியதை 1999-ல் ஆய்வாகவே வெளியிட்டார்கள்.

எடை குறைந்ததற்குப் பயப்படாதீர்கள். முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். திரும்புகிறதா என்பது ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் தராசில் வைத்தால்தான் தெரியும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சம்பந்தியம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாம் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக்கூடாதுதான். நர்ஸ் வந்ததும் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள், கை கழுவிவிட்டுத் தொடட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே சட்டம்தான்.

அப்புறம், வேலூர் வெயிலுக்குக் குழந்தைக்கு நா வறளும் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு வாரம் ஆன குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் அது போதுகிறது என்று அர்த்தம். வசம்பு உரைத்துக் கொடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொப்புளில் எதையாவது பூசுவது, எதுவும் வேண்டாம்.

ஒன்பதாம் நாள் துவண்டுபோய் வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். "ரெண்டு நாளாவே சரியா பால் குடிக்கல" என்பார்கள். அந்த இரண்டு நாள்தான் மனதை அறுக்கும். பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், வலிப்பு வந்தால், நர்ஸ் வரும் நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உங்கள் மகளையும் மறந்துவிடாதீர்கள். உதிரப்போக்கு அதிகமாவது, காய்ச்சல், கடும் தலைவலி, கண் மங்கல் என்றால் அவளுக்கும் அதே அவசரம்தான். காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருந்தால் அதையும் நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஏழாம் நாள் நர்ஸ் வரும்போது சம்பந்தியம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தராசு முள் எங்கே நிற்கிறது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.