ஷபாத் விருந்துக்குப் பால் பாயசம் கொண்டுபோகலாமா?

கேள்வி: இஸ்ரேலில் ரெஹோவோத் நகரில் ஆராய்ச்சி செய்கிறேன். கூட வேலை செய்பவர் ஆசாரமான யூதர். வெள்ளி இரவு ஷபாத் (வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கும் யூதர்களின் ஓய்வு நாள்) விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் சைவம். பால் பாயசம் செய்து எடுத்துப்போகலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, சிக்கல் பாத்திரத்தில். கோஷர் முறைப்படி (யூத உணவு விதிகளின்படி) நடக்காத அடுப்படியில் சமைத்ததை அவர்கள் சாப்பிட முடியாது. போதாக்குறைக்கு அன்று பெரும்பாலும் கோழியோ இறைச்சியோ இருக்கும். இறைச்சிக்குப் பிறகு பாலைத் தொட 6 மணி நேரம் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கோஷர் முத்திரையோடு 'பார்வே' (பாலோ இறைச்சியோ சேராதது) என்று அச்சிட்ட, பிரிக்காத இனிப்பு டப்பா வாங்குங்கள். பூங்கொத்தும் சரிதான். எதுவானாலும் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடுங்கள்.

சைவம் என்பதை வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். ஷபாத் தொடங்கிவிட்டால் சமையல் கிடையாது, முன்பே செய்ததைச் சூடாக வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். உங்களுக்கென்று ஒரு உருளைக்கிழங்கைக்கூட வேகவைக்க வழியில்லை. ஹும்முஸும் (கொண்டைக்கடலை மசியல்) கத்தரிக்காய் சாலட்டும் அநேகமாக இருக்கும். முட்டையும் ஆகாதென்றால் ரொட்டியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னல் போட்ட ஹல்லாவில் பல வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள்.

மேசையில் அந்த ரொட்டி இரண்டு, துணி மூடி இருக்கும். வேதக் கதையில், பாலைவனத்தில் யூத முன்னோர்களுக்கு வெள்ளிக்கிழமை மன்னா (வானத்திலிருந்து வந்த உணவு) இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு அது. துணிக்கு ஒரு காரணம் சொல்வார்கள், எனக்கு மிகவும் பிடித்தது: வழக்கமாக ரொட்டிக்குத்தான் முதல் மரியாதை. இன்றோ திராட்சை மதுவுக்கு முதலில் ஆசி. அதைப் பார்த்து ரொட்டி கூச்சப்படக் கூடாதாம்!

மது ஆசி முடிந்ததும் இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கை கழுவுவார்கள். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கழுவியதிலிருந்து ரொட்டியை வாயில் போடும்வரை யாரும் பேச மாட்டார்கள். என்னவோ கோபம் என்று நினைத்துப் பேச்சுக் கொடுக்காதீர்கள், தலையை ஆட்டிச் சிரிப்பார்கள். அப்புறம் ரொட்டியை வெட்டி, உப்பில் தொட்டுத் தருவார்கள்.

மது பாட்டிலை நீங்களாகத் திறக்கவோ ஊற்றவோ வேண்டாம். யூதரல்லாதவர் ஊற்றினால் சில வகை மதுவை அவர்கள் குடிக்க மாட்டார்கள். ஷபாத்தில் அவர்கள் போனையோ ஸ்விட்சையோ தொட மாட்டார்கள், அதனால் உங்கள் போனைப் பைக்குள்ளேயே வையுங்கள். குளியலறை விளக்கு எரிந்தால் எரியட்டும், பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டால் விடியும்வரை அவர்களுக்கு இருட்டுதான்.

திரும்பி வர வழியையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்களில் அன்றிரவு பஸ் ஓடாது, உங்களுக்காக டாக்ஸிக்குப் போன் செய்யவும் அவரால் முடியாது.