துடிப்பு கிடைத்தால் மட்டும் போதுமா? நியூட்ரான் விண்மீன் கேள்வி பதில்

கேள்வி (தெலுக் பாஹாங்): ஐயா, இரட்டை விண்மீன்களில் சுழலும் நியூட்ரான் விண்மீனை நம்மூர் முகா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிடலாம். நியூட்ரான் விண்மீன் என்பது வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்ந்த எச்சம். ஆனால் இங்கே விளக்கை ஏற்றுவது அதோடு ஒன்றையொன்று சுற்றிவரும் துணை விண்மீன். அதிலிருந்து வரும் வாயு காந்தப் புலத்தில் சிக்கி, துருவங்களில் கொட்டி, கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கதிரை வீசுகிறது. சுழலும்போது அந்தச் சூடான திட்டு நம் கண்ணில் பட்டுப் பட்டு மறைகிறது. அதுதான் துடிப்பு.

கேள்வி (பட்டர்வொர்த், ஆறாம் படிவ மாணவர்): தரவில் சீரான துடிப்பு தெரிந்தாலே அது நியூட்ரான் விண்மீன் என்று முடிவு கட்டிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம், தம்பி. லட்சக்கணக்கான அதிர்வெண்களில் தேடினால் வெறும் இரைச்சலிலேயே ஏதோ ஒன்று தலைதூக்கும். கருவியின் சொந்தத் தாளமும் உள்ளே புகுந்துவிடும். நான் பெரிதும் நம்பும் சாட்சி சுற்றுப்பாதைதான். உகுரு என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் 1971இல் சென் எக்ஸ்-3 என்ற இரட்டை விண்மீனில் 4.8 விநாடித் துடிப்பைக் கண்டது. பொருள் சுற்றுப்பாதையில் நமக்கு அருகே வந்தபோது அந்தத் துடிப்புகள் ஏறக்குறைய 40 விநாடி வரை முந்தின. விலகிப் போனபோது அதே அளவு பிந்தின. இந்த ஏற்ற இறக்கம் 2.09 நாளுக்கு ஒருமுறை திரும்பியது. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் அரை நாள் எக்ஸ் கதிர் அடியோடு மறைந்தது. துணை விண்மீனுக்குப் பின்னால் போய்வரும் பொருளுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் ஒத்துப்போகும். இந்த நேர வேறுபாட்டைத் திருத்தாமல் நீண்ட தரவை ஒன்றுசேர்த்தால் துடிப்பு கலைந்துபோகும். பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் எட்டு நிமிட வேறுபாட்டையும் மறக்காமல் கழியுங்கள்.

கேள்வி (செந்தூல்): துடிப்பது வெள்ளைக் குறுமீனாக, அதாவது சூரியன் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் எச்சமாக இருந்தால்?

பதில்: வேகத்தைப் பாருங்கள். 1998இல் சாக்ஸ் ஜே1808 என்ற நியூட்ரான் விண்மீன் விநாடிக்கு 401 முறை சுழல்வது தெரியவந்தது. வெள்ளைக் குறுமீன் அப்படிச் சுழன்றால் சிதறிவிடும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): துடிப்பே இல்லையென்றால் கருந்துளையா, ஐயா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 1962இல் கண்டறியப்பட்ட ஸ்கோ எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலம் நியூட்ரான் விண்மீன் என்றே கருதப்படுகிறது. இன்றுவரை அதில் சுழற்சித் துடிப்பு பிடிபடவில்லை. இத்தகையவற்றில் வெடிப்புகளைத் தேடுங்கள். மேற்பரப்பில் குவிந்த வாயு அணுக்கருப் பிணைவால் திடீரெனப் பற்றும். கருந்துளைக்கோ மேற்பரப்பே கிடையாது. 4யூ 1728-34 என்ற நியூட்ரான் விண்மீனின் வெடிப்புகளில் 1996இல் 363 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 363 முறை) அதிர்வு கிடைத்தது. சுழற்சியே அங்கே அகப்பட்டது.

கேள்வி (ஜெலுத்தோங்): பினாங்கு மலையில் தொலைநோக்கி வைத்து இதைப் பார்க்க வழியுண்டா?

பதில்: இல்லை. எக்ஸ் கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடுகிறது. ஆனால் நாசாவின் ஹீசார்க் என்ற இணையத் தரவுக் காப்பகத்தில் செயற்கைக்கோள் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அலசுவதற்கு ஸ்டிங்ரே என்ற பைத்தான் நிரல்மொழித் தொகுப்பும் இருக்கிறது. சென் எக்ஸ்-3இலிருந்து தொடங்குங்கள். துடிப்பு வலுவானது, விடையும் முன்பே தெரியும் என்பதால் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.