கிளப்புகளின் கணக்கும் தம்பியின் மேற்படிப்பும்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

தங்கள் கடிதத்தையும், அதனுடன் தம்பி தனியாக எழுதி இணைத்திருந்த இரண்டு பக்கங்களையும் படித்தேன். பிளஸ் டூ வணிகவியல் படிக்கும் அவர், கால்பந்துக் கிளப்புகளின் நிதி விதிகள் தொடர்பான வேலைக்குத்தான் போவேன் என்று உறுதியாக நிற்கிறார். இரவிபுத்தன்துறையிலிருந்து கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். வரை போனதைப் பார்த்த தூத்தூர்க் கடற்கரையில், பந்து விளையாடி முன்னேறியவர்களைத் தங்களுக்குத் தெரியும். பந்தாட்டத்தின் கணக்கைப் பார்த்துச் சம்பாதித்தவர் ஒருவரையும் தெரியாது என்பதே தங்கள் கவலை. அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஆனால் அதற்கான வழி, தம்பி நினைப்பதுபோல் நேர்வழி அல்ல.

இங்கிலாந்தின் எவர்டன் கிளப்புக்கு லீக் பட்டியலில் புள்ளிகளைக் குறைத்தவர்கள் அந்நாட்டின் இன்னொரு கிளப்பான மான்செஸ்டர் சிட்டியை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள், விதியை மீறிய கிளப்பை எப்படித் தண்டிப்பது நியாயம் என்று தம்பி கேட்டிருக்கிறார். தாங்கள் இதை வெட்டிப் பேச்சு என்று எழுதியிருப்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் இந்த வழக்குகளின்போது இருந்த விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரைதான் நட்டம் காட்டலாம். 2021-22 வரையிலான கணக்கில் எவர்டனின் நட்டம் 12.45 கோடி பவுண்டு என்று விசாரணைக் குழு கண்டது. 2023 நவம்பரில் அந்தக் கிளப்புக்குப் பத்துப் புள்ளிகள் குறைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. அந்த நான்கு புள்ளிகள் திரும்பக் கிடைத்த காரணத்தைத் தம்பி உற்றுப் பார்க்க வேண்டும். புதிய மைதானத்துக்கு வாங்கிய கடனைப் பற்றி எவர்டன் ஒளிவுமறைவாக நடந்துகொண்டது என்று முதல் குழு முடிவு செய்தது தவறு என்றும், கீழ்நிலை லீக்குகள் ஏற்கெனவே வகுத்திருந்த தண்டனை அளவுகோல்களை அக்குழு கணக்கில் எடுக்காததும் தவறு என்றும் மேல்முறையீட்டு வாரியம் சொன்னது. ஒரு கடனின் வட்டியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை அறிந்த ஒருவரும், தண்டனைக்கு அளவுகோல் எங்கே என்று கேட்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்துதான் அந்த நான்கு புள்ளிகளை மீட்டிருக்க முடியும்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வழக்கு இன்னும் தெளிவானது. அந்த மூன்று ஆண்டுகளில் இரண்டை அது கீழ்நிலை லீக்கில் கழித்ததால், அதற்கு அனுமதிக்கப்பட்ட நட்டம் 6.1 கோடி பவுண்டு. அதற்கு மேல் 3.45 கோடி பவுண்டு போனது. பிரென்னன் ஜான்சன் என்ற வீரரைக் கணக்கு முடியும் ஜூன் 30-க்கு முன் விற்றிருந்தால் விலை குறைந்திருக்கும், காத்திருந்து செப்டம்பரில் விற்றதால் நல்ல விலை கிடைத்தது என்று கிளப் வாதிட்டது. வட்டிக் கெடு முடிந்த பிறகும் நல்ல விலை வரட்டும் என்று வள்ளத்தை விற்காமல் வைத்திருப்பவரைக் கடன் கொடுத்தவர் பொறுத்துக்கொள்வாரா? விசாரணைக் குழுவும் ஏற்கவில்லை. விதியை மீறியதற்கு மூன்று, மீறலின் அளவுக்கு மேலும் மூன்று, தவற்றை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்காக இரண்டு கழித்து, 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் குறைக்கப்பட்டன. தண்டனையை இப்படிப் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டுவதே நியாயம் என்று நான் கருதுகிறேன். தோற்ற தரப்பும் அந்தக் கணக்கைப் படித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும்.

அபராதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2025 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ, நிதி விதிகளை மீறியதற்காக இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே மாதத்தில் செல்சி, கிளப்புகளுக்கான உலகக் கோப்பையை வென்று அதைவிடப் பெரிய தொகையைப் பரிசாகப் பெற்றது. பணக்கார உரிமையாளருக்கு அபராதம் இன்னொரு செலவுக் கணக்குத்தான். அதற்காகக் கிளப்பையே வெளியேற்றினால் தண்டனை ஊர்மேல் விழுகிறது. 1885-இல் தொடங்கிய இங்கிலாந்தின் பரி கிளப் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டபோது, கணக்கைக் கெடுத்தவர்கள் இழந்ததைவிட, தலைமுறை தலைமுறையாக அந்த மைதானத்துக்குப் போய்வந்த குடும்பங்கள் இழந்தது பெரிது. ஊருக்கொரு குழுவும் அந்தக் குழுவுக்காக அழுகிற மக்களும் இருக்கும் நம் கடற்கரையில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

புள்ளிக் குறைப்பு ஆடுகளத்தில் பெற்ற ஆதாயத்தை ஆடுகளத்திலேயே திருப்பி வாங்குவதால் நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அது காலத்தோடு நடக்க வேண்டும். 2023 மார்ச்சில் குற்றஞ்சாட்டப்பட்ட எவர்டன் அதே ஆண்டு நவம்பரில் தண்டிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை எதிர்கொண்ட மான்செஸ்டர் சிட்டிக்கோ விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆயிற்று. அந்தக் கிளப் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது; அது குற்றமற்றதாகவும் இருக்கலாம். ஆனால், இடையில் கீழ்நிலைக்கு இறங்கிய கிளப்புக்கும் வேலையிழந்த பயிற்சியாளருக்கும் தாமதமான தீர்ப்பு எதையும் மீட்டுத் தராது. தம்பியின் கோபம் இந்த இடத்தில் முழுக்க நியாயமானது.

இதற்கெல்லாம் முந்திக்கொள்வது ஸ்பெயின் முறை. அங்கே முதல்நிலை லீக்கான லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் வீரர்களுக்கான செலவு வரம்பை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. வரம்பைத் தாண்டினால் வீரரைப் பதிவு செய்யவே முடியாது. 2021 ஆகஸ்டில் லியோனல் மெஸ்ஸியையே பார்சிலோனாவால் பதிவு செய்ய முடியாமல் போனது இதனால்தான். தண்டிக்கும் தேவையே எழாதபடி தடுப்பதும், அதையும் ஏமாற்றிக் கணக்கெழுதிய நிர்வாகியைத் தனிப்பட்ட முறையில் பதவியிலிருந்து விலக்கிவைப்பதும்தான் என் பார்வையில் சரியான வழி. பிரீமியர் லீக்கும் 2026-27 பருவத்திலிருந்து, அணிச் செலவை வருவாயின் 85 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் புதிய விதிக்கு மாற 2025 நவம்பரில் வாக்களித்தது.

இனி மேற்படிப்பு. மேலே சொன்ன வழக்குகள் எல்லாம் அடிப்படையில் கணக்கு வழக்குகளே. ஆகவே, தம்பி பி.காம். சேர்ந்து அதனுடன் சி.ஏ. படிக்கட்டும் என்பதே என் திடமான கருத்து. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு, அதன்பின் இன்டர்மீடியட்டின் இரு தொகுதிகள், பிறகு ஆடிட்டரிடம் வேலை பழகும் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப், இறுதித் தேர்வு என்று அது நீளும். நாகர்கோவிலில் இருந்துகொண்டே ஃபவுண்டேஷனுக்குத் தயாராகலாம். ஆனால் ஆர்ட்டிகிள்ஷிப்பைப் பெரிய நிறுவனங்களின் தணிக்கை நடக்கும் சென்னையிலோ பெங்களூரிலோ கொச்சியிலோ செய்வது நல்லது. உள்ளூர் ஆடிட்டர் அலுவலகத்தில் வருமான வரிப் படிவமும் ஜி.எஸ்.டி.யும் நன்றாகக் கற்கலாம். நூற்றுக்கணக்கான ஊழியர்களும் பல கோடிக் கடனும் உள்ள நிறுவனத்தின் கணக்கு அங்கே வருவது அரிது. தேர்வில் முதல் முறை தோற்பது இந்தப் படிப்பில் சாதாரணம் என்பதைத் தாங்கள் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 'பந்துப் பைத்தியத்தால் தோற்றாய்' என்று சொல்லிவிடாதீர்கள்.

சட்டம் வேண்டுமென்றால் அதன்பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம், திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி நமக்குப் பக்கம். வாதத்தில்தான் ஆர்வம் அதிகம் என்று தம்பியே உணர்ந்தால், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வெழுதி ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் போவதும் தவறல்ல. 2024 செப்டம்பரில் லெஸ்டர் சிட்டி கிளப் இதே நட்ட விதி வழக்கிலிருந்து தப்பியது சட்ட வாதத்தால்தான்: அதன் கணக்கு ஆண்டு முடிந்த நாளில் அது பிரீமியர் லீக் உறுப்பினராகவே இல்லை, ஆகவே லீக்குக்கு அதிகாரமில்லை என்று மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. விதியை எழுதியவர்கள் ஒரு சொற்றொடரில் விட்ட ஓட்டை அது.

விளையாட்டு மேலாண்மை என்ற பெயரில் பல லட்சம் வாங்கிக்கொண்டு ஒரே ஆண்டில் சான்றிதழ் தரும் தனியார் படிப்புகளில் மட்டும், கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். இந்தியாவில் கால்பந்து நிதிப் பணியிடங்கள் மிகக் குறைவு. ஐ.எஸ்.எல். கிளப்புகளே உரிமம் பெற நிதி, சட்டம், கட்டமைப்பு முதலான நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். ஊதியப் பாக்கியால் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபாவின் தடையைச் சந்தித்த கிளப்பும் இங்கே உண்டு. எனவே தேவை இருக்கிறது, வளரவும் செய்யும். 2025-இல் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் ஒன்றுக்கும் வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த வேலை கிடைக்கும்வரை வங்கியிலோ தணிக்கை நிறுவனத்திலோ பிழைக்கக் கைகொடுக்கும் பட்டம் வேண்டும். சி.ஏ. அதைத் தரும், குறுகிய சான்றிதழ் தராது.

அதற்கிடையில் தம்பிக்கு ஒரு பயிற்சி. எவர்டன், ஃபாரஸ்ட் தீர்ப்புகளின் முழு வடிவத்தையும் பிரீமியர் லீக் இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. இங்கிலாந்துக் கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளை அந்நாட்டு நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஏதாவது ஒரு கிளப்பின் மூன்று ஆண்டு நட்டத்தை எடுத்து, இளையோர் பயிற்சி, மகளிர் அணி போன்ற விதிவிலக்குச் செலவுகளைக் கழித்து, வரம்புக்குள் வருகிறதா என்று ஒரு நோட்டில் கணக்குப் போடட்டும். விதிவிலக்குத் தொகைகள் சில அந்த அறிக்கையில் தனியாக இருக்காது. எதை எப்படி மதிப்பிட்டார் என்பதைப் பக்கத்திலேயே எழுதட்டும். பொதுத்தேர்வு முடிந்த பிறகு அந்த நோட்டுடன் அவரை என் நாகர்கோவில் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஃபவுண்டேஷன் பதிவுக்கான விண்ணப்பத்தை அன்றே சேர்ந்து நிரப்பிவிடலாம்.