வாளியில் உருளைக்கிழங்கு: பாளையங்கோட்டை வெயிலுக்கு ஆகுமா?

மாடியில் கிழங்கு போடுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணாச்சி, அடுக்களையில் முளைவிட்ட உருளைக்கிழங்கைப் பெயிண்ட் வாளியில் ஊன்றினேன். செடி தளதளன்னு வளர்ந்துச்சு. வாளியைக் கவுத்துப் பார்த்தா கோலிக்குண்டு அளவில் நாலே நாலு. நான் என்ன தப்பு பண்ணினேன்?

தப்பு உங்க மேல இல்லம்மா, வெயில் மேல. முதல் வருஷம் எனக்கும் இதே கதைதான். தை மாதம் ஊன்றினேன், இலை அப்படி ஒரு செழிப்பு. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறை. பங்குனியில் வாளியைச் சாக்கில் கொட்டி விரலால் துழாவினேன். ஊன்றின கிழங்கு அழுகிக் கூழாகிக் கிடந்தது, பக்கத்தில் திராட்சை அளவில் ஆறு. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆறையும் சாம்பாரில் போட்டுவிட்டாள்.

உருளைக்கிழங்கு வேர் இல்லை, மண்ணுக்குள் ஓடுகிற தண்டின் நுனிதான் பருத்துக் கிழங்காகிறது. அப்படிப் பருக்க ராத்திரி குளிர வேண்டும். 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் அதற்குச் சுகம். ராத்திரியும் புழுங்கினால், பகலில் இலை சமைத்த சர்க்கரையைச் செடியே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும், மிச்சம் தழைக்குப் போய்விடும். நம்ம ஊரில் மார்கழி ராத்திரியே பெரும்பாலும் 20-க்கு மேலேதான் நிற்கிறது.

மேலப்பாளையம், ஒரு தம்பி: அப்போ நம்ம ஊர்ல போடவே கூடாதா?

போடலாம், ஆசைக்கு. கார்த்திகைக் கடைசியில் ஊன்றி, பங்குனி வெயில் ஏறுவதற்குள் தோண்டிவிட வேண்டும். 80, 90 நாள் கணக்கு. வெப்பம் தாங்குவதற்கென்றே சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 'குஃப்ரி சூர்யா' என்றொரு ரகம் விட்டிருக்கிறது. விதைக்கிழங்கு கிடைத்தால் அதைப் போடுங்கள். கடைக் கிழங்கில் சிலது முளைக்காமல் இருக்க மருந்து அடித்து வருவதும் உண்டு, மாதக்கணக்கில் கிடந்தாலும் கண் திறக்காது.

ஊட்டியில் இருந்து விதை வாங்கி வரவா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீலகிரி மண்ணில், உருளைச் செடியின் வேரைத் தாக்குகிற பொடிப்புழுவான தங்க நூற்புழு இருப்பது 1961-லேயே கண்டுபிடித்த சங்கதி. அங்கத்துக் கிழங்கைத் தின்னலாம், விதைக்கு எடுக்கக் கூடாது.

பேட்டை: வாளி எவ்வளவு பெரிசு? மண் கலவை என்ன?

20 லிட்டர் பெயிண்ட் வாளி, ஒரு செடி. அடியில் ஏழெட்டு ஓட்டை. செம்மண், மக்கின தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சமபங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அதில் உப்பு இருக்கும். கரிசல் மண் வேண்டாம், காய்ந்தால் கல், நனைந்தால் களி.

கறுப்புப் பை வாங்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பையின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல்தான். வெள்ளை வாளி, அதைச் சுற்றி நனைத்த சாக்கு, அடியில் இரண்டு செங்கல், மேலே காய்ந்த சருகு. தட்டட்டிச் சூடு, அதாவது மொட்டைமாடித் தளத்துச் சூடு, நேரே ஏறக் கூடாது, அவ்வளவுதான். காலை வெயில் விழுந்து, மூன்று மணிக்கு மேல் நிழல் விழுகிற மூலை அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

களக்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கிழங்கை வெட்டி ஊன்றலாமா? சாம்பல் தடவ வேண்டுமா?

குளிர் ஊரில் வெட்டலாம் சார். இங்கே வெட்டின பக்கம் மூன்றாம் நாளே நாறிவிடும். கோழிமுட்டை அளவில் முழுக்கிழங்காக ஊன்றுங்கள். சாம்பலைக் கைப்பிடிக்கு மேல் போட வேண்டாம். நம்ம போர்வெல் தண்ணீரே காரத்தன்மை, அதோடு சாம்பலும் சேர்ந்தால் தோல் சொறி பிடிக்கும்.

தச்சநல்லூர்: செடி வளர வளர மண் ஏற்றினால் அடுக்கடுக்காகக் காய்க்குமாமே? ஆளுயரக் கூண்டில் மூட்டைக் கணக்கில் எடுப்பதாக வீடியோவில் காட்டுகிறார்களே?

வீடியோவில் எல்லாம் காய்க்கும். நிஜத்தில் ஊன்றின கிழங்கை ஒட்டின மண் அடுக்கில்தான் பெரும்பாலும் இறங்கும். மண் அணைப்பது எதற்கென்றால், மேலே வந்த கிழங்கில் வெயில் படாமல் இருக்க. வெயில் பட்டால் பச்சையாகிவிடும், சொலனின் என்ற நஞ்சு ஏறும். வேகவைத்தாலும் அது போகாது. பச்சை கண்ட இடத்தைத் தாராளமாகச் சீவி எறியுங்கள், கசந்தால் முழுசையுமே எறியுங்கள்.

கடையம் பக்கம் பிறந்து சென்னையில் இருக்கும் ஒரு அக்கா: எங்க ஊர் சிறுகிழங்கை வாளியில் போடலாமா?

அக்கா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்!

உருளைக்கு ஏங்குகிற நாம், கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் விளைகிற சொந்தக் கிழங்கை விட்டுவிடுகிறோம். பொங்கலுக்குப் பனங்கிழங்கோடு சேர்த்து இதை வாங்காத வீடு நம்ம பக்கம் உண்டா? சிறுகிழங்குக்குக் குளிர் வேண்டாம், இந்த வெக்கையே அதற்குப் பிறந்த வீடு. துளசி, கற்பூரவல்லி குடும்பம். இலையைக் கசக்கி மோந்தால் தெரியும்.

இப்போதே தையில் பத்துக் கிழங்கை எடுத்து மணலில் போட்டு வையுங்கள். வைகாசி வாக்கில் ஒரு தொட்டியில் நெருக்கி ஊன்றினால் கொடி வரும். ஆடியில் அந்தக் கொடி நுனியை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளி, வாளிக்கு இரண்டாக, மண்ணில் படுக்க வைத்து நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூடுங்கள். ஆழம் முக்கியமில்லை, அகலம் முக்கியம். வாளியைவிடப் பழைய பிளாஸ்டிக் டப், மீன் பெட்டி நல்லது. ஒரு மாதம் கழித்துக் கைப்பிடி மண்புழு உரம் போட்டு மண் அணைக்க வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஐந்து மாதம், தையில் கொடி பழுக்கும்போது தோண்டலாம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் 'ஸ்ரீ தாரா' ரகம் கிடைத்தால் அதுவும் சரி, நாட்டுக்கிழங்கும் சரி.

ஒரே எதிரி வேர்முடிச்சு நூற்புழு. கிழங்கில் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அந்த மண்ணை அடுத்த வருஷம் இதற்கே போடாமல், கேந்திப்பூ வைத்துவிடுங்கள்.

அதே அக்கா: தோல் உரிக்கிறதுக்குள்ள விரலெல்லாம் கறுத்துப்போகுதே?

அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரச் சாக்குக்குள் கட்டிக் கல்தரையில் உருட்டித் தேயுங்கள். முக்கால்வாசித் தோல் சாக்கிலேயே நின்றுவிடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டும்போது கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சென்னையில் கல்தரைக்கு எங்கே போவீர்களோ, அதற்கு என்னிடம் வழி இல்லை.