நாம் பார்க்காத பழைய வீரர்களின் மேன்மையை எப்படி மதிப்பிடுவது?

ஒரு பழைய வீரரை அவர் காலத்தில் ஆடியவர்களோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும், இன்றைய வீரர்களோடு அல்ல. களம், கருவி, பயிற்சி எல்லாமே மாறிவிட்டன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 விநாடியில் ஓடினார். அது கரிச்சாம்பல் தடம், கால் ஊன்றிக் கிளம்ப வீரர்களே தரையில் குழி தோண்டிக்கொள்வார்கள், அந்த நேரத்தை இன்றைய செயற்கைத் தடத்து நேரத்தோடு வைத்துப் பார்ப்பது அநியாயம். வேறு வேறு வினாத்தாள் எழுதியவர்களின் மதிப்பெண்ணை ஒப்பிடுவது போலத்தான் இது. சரி, ஒரே தாளை எழுதியவர்களில் ஒருவர் மற்றவர்களைவிட எவ்வளவு முந்தினார்? ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டான் பிராட்மனின் டெஸ்ட் ரன் சராசரி 99.94, அவர் காலத்தில் 60ஐத் தொட்டவர்களே அரிது, அந்த இடைவெளிதான் எனக்குப் பெரிய சான்று.

'அப்போது பந்துவீச்சு சுமார்தான்' என்பார்கள். அதே பந்துவீச்சைத்தானே மற்றவர்களும் சந்தித்தார்கள், அவர்களால் ஏன் முடியவில்லை?